ஜிப்சம் போர்டும் கொத்தனார் மாமாவும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்'னு சொல்லி வெச்ச பெரியவங்க, இருக்கிற வீட்டோட ஒரு ரூமைச் சேர்த்துக் கட்டிப் பார்னு ஏன் சொல்லாம விட்டாங்கன்னு தெரியல. அதுல பட்டவன் நான். சொல்றேன், கேளுங்க.

எங்க வீடு போச்சம்பள்ளியில. அப்பா 1986-ல கட்டினது. நான் ஓசூர்ல ஷிப்ட் வேலை, வாரக் கடைசியில வந்து ஞாயித்துக்கிழமை சந்தையில காய்கறி வாங்கிக் குடுத்துட்டு ஓடுற ஆளு. அம்மாவுக்கு மூட்டு வலி வந்ததுல இருந்து ராத்திரியில கொல்லைப்புறக் கழிவறைக்குப் போக முடியல. அதனால கீழே கழிவறையோட ஒரு ரூம் இழுக்கிறதுன்னு முடிவாச்சு. கூடவே மாடி ஹாலை ரெண்டா தடுத்தா, வாடகைக்கு ரூம் கேட்டு அலையுற சிப்காட் பசங்களுக்கு விடலாம்னு ஒரு கணக்கு. 2021-ல இங்க ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தப்புறம் எங்க தெருவுல இந்தக் கணக்குப் போடாத வீடே இல்லைங்க.

2024 மே மாசம். வெயில் மண்டையைப் பொளக்குது, போர்ல தண்ணி இல்ல. சுவர் எழுந்தாச்சு, வெளிப்பூச்சும் முடிஞ்சுது. உள்பக்கம் என்ன பண்றதுங்கறப்பதான் சண்டை ஆரம்பிச்சுது.

எங்க கொத்தனார், அம்மாவுக்குத் தம்பி முறை. அப்பா காலத்துல சித்தாளா வந்து இந்த வீட்டுக்கே கல் சுமந்தவர். அவர் சிமெண்ட் பூச்சுதான்னார். நான் ஜிப்சம் போர்டுன்னேன். ஓசூர்ல எங்க ஆபீஸ் கேபின் எல்லாம் அதான். தகரச் சட்டம் அடிச்சு, ஆறடிக்கு நாலடி பலகையைத் திருகி, மூட்டுக்கு டேப் ஒட்டி, பட்டி பார்த்தா மூணு நாள்ல வேலை முடிஞ்சுது. பூச்சுன்னா ஏழு நாள் தண்ணி காட்டணும், அப்புறம் பெயிண்ட் அடிக்க ஒரு மாசம் காயணும். டேங்கர் தண்ணிக்கு யாரு அழறது?

மாமா சொன்னது ஒரே வரி. "மாப்ள, ஆபீசுக்குள்ள மழை வராது. எங்கக்கா ரூமுக்கு வரும்."

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "அப்பா போட்டோவை எங்கடா மாட்டுறது?" பழைய தேக்குச் சட்டம், கண்ணாடியோட நல்ல கனம். போர்டுல வெறும் ஆணி அடிச்சா நிக்காது. பின்னாடி சட்டம் ஓடுற இடம் பார்த்துத் திருகணும், இல்லன்னா தனியா ஆங்கர் போடணும். "அப்புறம் பார்த்துக்கலாம்மா"ன்னேன். போட்டோ மேஜை மேல போச்சு.

போர்டை நான் குறை சொல்லல. 1894-ல அமெரிக்காவுல அகஸ்டின் சாக்கெட்ங்கறவர் காப்புரிமை வாங்கின சாமான், அங்கெல்லாம் வீட்டுக்குள்ள சுவரே பெரும்பாலும் அதுதான். ஜிப்சத்தோட எடையில அஞ்சுல ஒரு பங்கு உள்ளேயே கட்டுண்டு கிடக்கிற தண்ணி. தீ பிடிச்சா அது ஆவியாகி முடியற வரைக்கும் பின்பக்கம் சூடு சட்டுனு ஏறாது. நல்ல குணம்தான். ஆனா வெளியில இருந்து வர்ற தண்ணிதான் அதுக்கு எமன்.

அந்த எமன் டிசம்பர்ல வந்தான். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராம நின்னு கொட்டுச்சே, ஞாபகம் இருக்கும். டிசம்பர் 2 காலையில பக்கத்து ஊத்தங்கரையில அம்பது சென்டிமீட்டர் பதிவு. பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ன வண்டிங்களை வெள்ளம் அடிச்சுட்டுப் போனதை டிவியில பார்த்திருப்பீங்க. எங்க வீட்டுல கணுக்கால் அளவுக்குத் தண்ணி, அரை நாள் நின்னுச்சு. வடிஞ்சதும் கழுவி விட்டோம். பழைய சுவர்ல பெயிண்ட் உப்பியிருந்துச்சு. புது ரூம் சுவர் பார்க்கப் பளிச்சுனு இருந்துச்சு. "பார்த்தீங்களா மாமா"ன்னு போன்ல பீத்திக்கிட்டேன்.

கொஞ்ச நாள்ல அம்மாவுக்கு இருமல். மார்கழிப் பனின்னு நினைச்சேன். கஷாயம், அப்புறம் மாத்திரை. ராத்திரி படுத்தா இழுப்பு. கிருஷ்ணகிரியில டாக்டரைப் பார்த்தப்ப, நெஞ்சுல வெச்சுப் பார்த்துட்டு அவர் கேட்டார்: "வீட்டுல ஓதம் இருக்கா?"

இல்லைங்கன்னேன். பொய் சொல்லல, எனக்கு நிஜமாவே தெரியாது.

வீட்டுக்கு வந்து கட்டிலை இழுத்துப் போட்டு சுவரை அமுக்கினேன். விரல் உள்ள போச்சு. டீயில முக்கின பொறை மாதிரி பலகை கையோட வந்துச்சு. பின்னாடி ரெண்டரை அடி உயரத்துக்குக் கறுப்பா பூஞ்சணம். கீழே நின்ன தண்ணியைக் காகிதமும் ஜிப்சமும் விளக்குத்திரி எண்ணெய் இழுக்கிற மாதிரி மேல இழுத்திருக்கு. போர்டுக்கும் சுவருக்கும் நடுவுல காத்துப் போகாத சந்து, காயவே இல்லை. அம்மா ஒரு மாசமா அந்தச் சுவர்ப் பக்கம் தலை வெச்சுப் படுத்திருந்தாங்க.

மூணு நாள் மிச்சம் பிடிக்கப் போய் நான் பண்ணின வேலை இது. யாரைத் திட்டுறது? ஈரம் தாங்குற பச்சைப் போர்டு தனியா இருக்கு. கழிவறைப் பக்கம் மட்டும் அதைப் போட்டிருந்தேன், ரூமுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். அந்தப் பச்சையும் ஈரக்காத்தைத்தான் தாங்குமே தவிர, அரை நாள் தண்ணியில நிக்கறதுக்கு ஆனதில்லை.

பொங்கல் முடிஞ்சு மாமா வந்தார். 'நான்தான் சொன்னேனே'ன்னு ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. எல்லாத்தையும் பேர்த்து, சுவரை நல்லா காயவிட்டு, தூசி போகக் கழுவி, தூணும் கல்லும் சேர்ற இடத்துல விரிசல் விடாம கோழிவலை அடிச்சு, ஒண்ணுக்கு அஞ்சு கலவையில அரை அங்குலப் பூச்சு. மட்டப்பலகையை இழுத்து மணியாசுக் கட்டையைச் சுத்துறப்ப வர்ற சத்தம் இருக்கே, அப்பா காலத்துச் சத்தம். அந்தக் காலத்துல கடுக்காயும் வெல்லமும் ஊற வெச்ச தண்ணி ஊத்தி சுண்ணாம்பு அரைச்ச கதையெல்லாம் சொல்லிக்கிட்டே பூசினார். காலையும் சாயந்தரமும் தண்ணி காட்டினது அம்மா, பக்கத்து ரூம்ல இருந்து வந்து, நாற்காலி போட்டு உக்காந்து, ஹோஸைப் பிடிச்சுக்கிட்டு.

அப்ப மாடித் தடுப்பு? அதுவும் போர்டுதான், இன்னும் அப்படியே இருக்கு. பூச்சுக்காரரான மாமாவே அதைத் தொடக் கூடாதுன்னுட்டார். பத்தடிக்குப் பத்தடி ஒத்தைக் கல் சுவர் எழுப்பி ரெண்டு பக்கமும் பூசினா ரெண்டு டன்னுக்கு மேல வரும். கீழே உத்திரம் இல்லாத பழைய தளம் அது. போர்டுத் தடுப்பு இருநூறு, இருநூத்தம்பது கிலோவோட முடிஞ்சுடும். ஆக, தண்ணி வர்ற இடத்துக்குப் பூச்சு, கனம் தாங்காத இடத்துக்குப் போர்டு. அம்புட்டுதாங்க விஷயம். இதைத் தெரிஞ்சுக்க எனக்கு ஒரு புயல் தேவைப்பட்டுச்சு.

மாசி மாசம் பெயிண்ட் அடிச்சோம். இருமல் குறைஞ்சுடுச்சு, இழுப்பு மட்டும் குளிர் காலத்துல எட்டிப் பார்க்குது. போன வாரம் ஊருக்குப் போனப்ப, அம்மா சுத்தியலையும் ரெண்டு அங்குல ஆணியையும் கையில குடுத்தாங்க. மேஜை மேல இருந்த அப்பாவைத் தூக்கி மாட்டியாச்சு.

டிஸ்கி: போட்டோ கொஞ்சம் சாய்வா இருக்குன்னு மாமா சொல்றார். பூச்சு சாய்வுன்னு நான் சொல்றேன். ரசமட்டம் எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்.