மூச்சு வாங்கிய இடம்

எங்கள் வீட்டில் ஒரு கீர்த்தனையைப் பாடினால் ஓரடியின் நடுவில் நின்றுவிட்டுத்தான் தொடர்வோம். ராகம் தெரிந்தவர்கள் கேட்டால் பிழை என்பார்கள். அக்காவுக்கு அங்கேதான் மூச்சு வாங்கும். அவளுக்காக அப்பா நின்றார், அம்மா நின்றாள், பிறகு அதுவே எங்களுக்குப் பாட்டாகிப் போனது.

சின்ன வயதில் வந்த ஒரு தொண்டை வலி. அதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், சரியாகிவிட்டது. சில வாரங்கள் கழித்துக் காய்ச்சலோடு முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால். மூட்டுகள் எல்லாம் சுவடில்லாமல் ஆறிவிட்டன. இதயத்தின் வால்வில் மட்டும் தழும்பு தங்கிவிட்டது.

அதன்பின் 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். முதலில் முன்கையில் துளி மருந்தைப் போட்டுப் பார்ப்பார்கள். தடிக்கவில்லை என்றால் இடுப்பில் ஊசி. பாலாய் வெளுத்த, கெட்டியான மருந்து. இறங்கும்போது உயிர் போகும் என்பாள். திரும்பும் பஸ்ஸில் ஒருக்களித்துத்தான் உட்காருவாள். ஆனாலும் ஜன்னலோரம் அவளுக்குத்தான் வேண்டும். தேரிமண்ணின் சிவப்பு தொடங்கியதும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வருவாள். பனைகளுக்கு மேலே ஜான் தாமஸ் ஐயர் கட்டிய மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடி கோபுரம் தெரிந்ததும், "வந்துட்டோம்ட்டி" என்பாள். ஊர் வர இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கும்.

அந்த "வந்துட்டோம்ட்டி" போயிற்று. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்த குரல் போயிற்று. மார்கழிப் பனியில் விடிவதற்கு முன்னால் பஜனைக்காரர்கள் தெருமுனையில் திரும்பும்போதே போர்வையை உதறிவிட்டு எழுந்து, அவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம், அந்தப் புகை, கண்ணைக் கசக்கியபடி அவள் கூடவே பாடுகிற பாட்டு. எல்லாம்.

கடைசி மாதங்களில் அவளால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாள். "ஏட்டி, முழிச்சிருக்கியா?" என்பாள். "என்னக்கா?" என்றால், "ஒண்ணுமில்ல, தூங்கு." மறுபடி கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவாள். அவளுக்குத் தேவை தண்ணீரும் இல்லை, விசிறியும் இல்லை. ஒரு பதில், அவ்வளவுதான்.

லெந்து காலத்தில் போய்விட்டாள். 24 வயது. கல்லறைத் தோட்டத்தில் சபை ஐயர் ஜெபம் சொல்லி முடித்ததும் ஊரே சேர்ந்து அந்தக் கீர்த்தனையைப் பாடியது. அந்த இடம் வந்தபோது நாங்கள் மூன்று பேர் நின்றோம். ஊர் நிற்காமல் போய்விட்டது.

இந்த மெல்பர்னில் எனக்கு என்ன குறை? குளிர்காலத்திலும் கதகதப்பான கோயில், மாதம் ஒரு தமிழ் ஆராதனை, போனைத் தொட்டால் எந்தக் கீர்த்தனையும் வரும். எல்லாம் தேர்ந்த குரல்கள். அவர்களில் ஒருவருக்கும் மூச்சு முட்டுவதில்லை. அக்காவின் குரலை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குரல் இருந்திருக்கும். அதை மனதுக்குள் கேட்க முயன்று, பாதியில் நழுவவிட்ட ராத்திரிகள் உங்களுக்கும் இருக்கும்.

சுருங்கிய வால்வை இப்போது தொடை வழியாகக் குழாய் செலுத்திப் பலூனால் விரித்துவிடுகிறார்கள். நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. சில நாட்களில் வீட்டுக்கு வந்துவிடலாம். அதைப் பற்றி எங்கே படித்தாலும் அந்தப் பக்கத்தோடு மூடிவிடுகிறேன்.

இருந்திருந்தால் அறுபதைத் தாண்டியிருப்பாள். கண்ணாடி போட்டிருப்பாள். தமிழ் வாசிக்கத் தெரியாத என் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து வேதாகமத்தில் எழுத்துக் கூட்டச் சொல்லியிருப்பாள். அப்பாவின் வீட்டை விற்றதற்கு என்னோடு சண்டை போட்டு, நாலு நாள் போனை எடுக்காமல் இருந்திருப்பாள். அந்தச் சண்டை எனக்கு வேண்டும்.