நட்டத்திற்கு விற்ற பெட்டி

அறிந்தே நட்டத்திற்கு விற்கும் வணிகரை நீங்கள் கண்டதுண்டா? "அசல் விலைக்கே தருகிறேன்" என்பவரைக்கூட நாம் முழுமையாக நம்புவதில்லை. 2006 நவம்பரில் ஜப்பானிய நிறுவனமான சோனி, 'பிளேஸ்டேஷன் 3' என்னும் விளையாட்டுப் பெட்டியின் உயர்ந்த வகையை அமெரிக்காவில் 599 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை என்னும் ஆய்வு நிறுவனமோ, உற்பத்திச் செலவு மட்டுமே 840 டாலருக்கு மேல் என மதிப்பிட்டது. கணக்கெழுதியே முடி நரைத்த எனக்கு இச்செய்தி நெடுநாள் உறுத்தலாகவே இருந்தது.

காரணத்தில் ஒரு பாதி எளிது. பெட்டி வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், பின்னர் வாங்கும் ஒவ்வொரு விளையாட்டிலும், அதை ஆக்கியவர் எவராயினும், பெட்டிக்காரருக்கு உரிமத் தொகை போய்ச் சேரும். அக்காலத்தில்தான் புதிய விளையாட்டின் விலையும் 50 டாலரிலிருந்து 60 டாலராக ஏறியது. பெருநாள் காசைச் சேர்த்துக்கொண்டு "வாப்பா, அந்தப் பெட்டி" என்று நிற்கும் பிள்ளைக்கு இக்கணக்கு தெரியாது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

மறு பாதிதான் சுவையானது. திரைப்படங்களைத் துல்லியமாகப் பதிய டி.வி.டி.யின் 4.7 ஜிகாபைட் இடம் போதவில்லை. நீல லேசர் கொண்டு, நுண்ணிய புள்ளிகளாகப் பதியும் இருவகைத் தகடுகள் தோன்றின. சோனி அணியின் புளூ-ரே ஓர் அடுக்கில் 25 ஜிகாபைட் கொள்ளும், தோஷிபாவின் ஹெச்.டி. டி.வி.டி. 15 கொள்ளும். ஒன்றின் கருவியில் மற்றது ஓடாது. முன்னொரு காலத்தில் பீட்டாமேக்ஸ் நாடாவை வைத்துக்கொண்டு வி.ஹெச்.எஸ்.ஸிடம் தோற்ற சோனி, இம்முறை தன் தகட்டுக் கருவியைப் பிள்ளைகளின் பெட்டிக்குள் வைத்தே வீடுகளுக்கு அனுப்பியது! சாம்சங்கின் முதல் புளூ-ரே கருவி 1000 டாலர் விற்ற ஆண்டு அது.

செலவும் சிறிதன்று. நீல லேசர் உறுப்புகள் போதிய அளவு கிடைக்காமல் ஐரோப்பிய விற்பனை 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அம்மாதம் முடிந்த நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு 23,000 கோடி யென்னுக்கு மேல் நட்டம் கண்டது. மைக்ரோசாஃப்ட்டோ தன் எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டியில் பழைய டி.வி.டி.யையே வைத்து, ஹெச்.டி. டி.வி.டி. கருவியைத் தனியாக 199 டாலருக்கு விற்றது. வேண்டியவர் மட்டும் வாங்கட்டும் என்னும் அம்முறையே நேர்மையானதென்பது என் எண்ணம். ஆயினும் வென்றது அதுவன்று.

2008 ஜனவரியில் வார்னர் பட நிறுவனம் புளூ-ரே பக்கம் சாய்ந்தது; பிப்ரவரி 19 அன்று தோஷிபா கடையைக் கட்டியது. மூன்று மாதங்களுக்கு முன்புதான் அமெரிக்கக் கடைகளில் தோஷிபா கருவி 100 டாலருக்கும் குறைவாக விற்கப்பட்டது. மலிவென்று அள்ளிச் சென்ற குடும்பங்களின் கையில், புதுப்படம் வராத கருவி மிஞ்சியது. இதற்கிடையே, டி.வி.டி.கூட ஓடாத நின்டெண்டோவின் 250 டாலர் 'வீ' பெட்டி பத்துக் கோடிக்கு மேல் விற்று, இவ்விரு பெட்டிகளையும் முந்தியது வேறு கதை.

வென்ற தகடுக்கும் நிலைத்த வாழ்வு வாய்க்கவில்லை. 2020இல் வந்தபோது பிளேஸ்டேஷன் 5, தகட்டுக் கருவியோடு 499 டாலராக இருந்தது. அது இல்லாமல் 399 டாலராக இருந்தது. அன்று நூறு டாலர் மிச்சம்தான். ஆனால் தகடில்லாப் பெட்டிக்கு அண்டை வீட்டுப் பிள்ளையிடம் விளையாட்டை இரவல் வாங்க இயலாது. ஆடி முடித்ததைப் பாதி விலைக்கு விற்கவும் இயலாது. அதற்கு விளையாட்டு கிடைக்கும் கடை ஒன்றே ஒன்று. அதை நடத்துபவரும் பெட்டியை விற்றவரே.