எந்த நிமிஷத்துல பாட்டு மாறுச்சு?

எங்க ஹாஸ்டல்ல யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. ஊர் பேர்தான். என் ரூம்மேட் பேர் 'தேனி'. போன செமஸ்டர் முடிஞ்சு பெட்டியைக் கட்டினப்போ, என் மேஜையில ஒரு பென் டிரைவை வெச்சுட்டுப் போனான். உள்ளே ஒரே ஒரு ஆல்பம். 1996-ல் வந்த 'டிஜே-கிக்ஸ்'.

வியன்னாக்காரங்க ரெண்டு பேர், பீட்டர் க்ரூடரும் ரிச்சர்ட் டோர்ஃப்மைஸ்டரும், கோத்துக் கொடுத்த மிக்ஸ் அது. 'பிளாக் பேபி' மட்டும் அவங்க சொந்தச் சரக்கு. மத்ததெல்லாம் லண்டன் ஹெர்பலைசர், வாஷிங்டன் தீவரி கார்ப்பரேஷன்னு அடுத்தவங்க பாட்டு.

"கல்யாண வீட்டு ஆர்க்கெஸ்ட்ராவும்தான் அடுத்தவன் பாட்டைப் பாடுது. இதுல என்னடா பெருமை?"ன்னு முதல் வருஷமே கேட்டிருக்கேன். பதில் சொல்லாம ஹெட்போனை என் காதுல மாட்டினான். நான் வழக்கம்போல ஷஃபிளை அமுக்க, "பாவி! ஷஃபிள்ல போட்டா செத்துரும்டா"ன்னு அலறினான்.

டிஜேன்னா காது கிழியும்னுதானே நினைப்போம்? இது அப்படி இல்லை. மழைக்கு முந்தின மொட்டை மாடி மாதிரி, புழுக்கமா, இருட்டா, அவசரமே இல்லாம போகும். திடீர்னு பார்த்தா வேற பாட்டுக்குள்ள இருப்போம்.

எப்படி? நாமதான் ஈ.சி.இ. ஆச்சே, நோண்டினேன். டிஜேக்கள் காலங்காலமா வெச்சிருந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 பிளேயர்ல ஒரு ஸ்லைடர் உண்டு. வேகத்தை 8 சதவிகிதம் வரைக்கும் கூட்டலாம், குறைக்கலாம். நிமிஷத்துக்கு 90 அடி விழுற பாட்டை 4 சதவிகிதம் தள்ளினா 93.6. அடுத்த பாட்டோட அடி சேர்ந்துடும். அப்புறம் பழசோட பேஸை இறக்கி, புதுசோட பேஸை ஏத்தணும். இன்னொரு தில்லாலங்கடியும் இருக்கு. 170 அடி ஓடுற டிரம் அண்ட் பேஸை ரெண்டு ரெண்டா எண்ணினா 85தான். அதனால ஆமை வேகத்துப் பாட்டுக்கு அடியில அது ஓடினாலும் காதுக்கு உறைக்காது.

தியரி ஓகே. பிராக்டிகல்ல ஃபெயில்! பாட்டு மாறுற நிமிஷத்தைக் குறிச்சுடணும்னு ஒரு ராத்திரி பேனாவோட உட்கார்ந்தேன். நாலு தடவை கேட்டும் ஒரு இடத்தைக்கூட சரியா பிடிக்க முடியலை. எதிர்க் கட்டில் காலியா கிடந்துச்சு.

தேனி முதல்ல காலை மெஸ்ஸுக்கு வர்றதை நிறுத்தினான். தூங்குறான்னு நினைச்சேன். அப்புறம் லேப். அப்புறம் ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு சுவரையே பார்த்துக்கிட்டு இருப்பான். "தூங்குடா"ன்னு சொல்லிட்டு நான் திரும்பிப் படுத்துப்பேன். அஞ்சு பேப்பர் அரியர்னு ரிசல்ட் வந்தப்போ கிளாஸே ஷாக். நானும் ஷாக். ரெண்டடி தூரத்துல படுத்திருந்தவன் நான். எனக்கு எப்படி அது திடீர்னு நடந்த மாதிரி இருந்துச்சு?

போன வாரம் ராத்திரி ஒரு மணிக்கு போன் பண்ணினேன். அவன் போனதுக்கு அப்புறம் முதல் தடவை.

"என்னடா, எக்ஸாமா?"

"இல்லடா. அந்த மிக்ஸ்ல முதல் பாட்டு எங்கே முடியுதுன்னே தெரியலை. உனக்குத் தெரியுமா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தூங்கிட்டானோன்னு நினைச்சேன்.

"ஊருக்கு வந்தப்புறம் நான் அதைக் கேட்கவே இல்லடா. இரு, போடுறேன். லைனைக் கட் பண்ணிடாதே."