எட்டாவது ஆள்!

அமெரிக்கா போனால் நயாகராவில் நனைய வேண்டும் என்பது ஐதீகம். அடியேன் போய் இறங்கியது டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்பார்னில். காரணம் ரொம்ப எளிமை. கூட பி.காம். படித்த நண்பன் அங்கே இருக்கிறான். தங்க இடம் ஓசி.

"சாயங்காலம் சர்ச் ஹால்ல ஸ்கொயர் டான்ஸ்டா. நானும் ஆடறேன். வந்து கார்ட்டூன் போடு. உனக்கு நல்ல தீனி" என்றான்.

ஸ்கொயர் டான்ஸை நான் முதலில் பார்த்ததே கார்ட்டூனில்தான். வார்னர் பிரதர்ஸ் 1950-ல் எடுத்த 'ஹில்பில்லி ஹேர்'. பக்ஸ் பன்னி முயலார் ஃபிடில் வாசித்தபடி உத்தரவு போடப் போட, இரண்டு தாடிக்கார சகோதரர்கள் ஒருவர் தாடியை ஒருவர் பிடித்து இழுப்பார்கள், அடித்துக்கொள்வார்கள். ஏன், எதற்கு என்று கேட்கவே மாட்டார்கள். உத்தரவு வந்தால் செய்ய வேண்டியதுதான். ஆபீஸ் போகிற உங்களுக்கு இதையெல்லாம் விளக்கணுமா என்ன!

டியர்பார்னுக்கும் இந்த ஆட்டத்துக்கும் பழைய பந்தம். 1920-களில் ஹென்றி ஃபோர்டு, பெஞ்சமின் லவெட் என்ற நடன வாத்தியாரை அழைத்து வந்து, மறந்துபோன ஆட்டங்களுக்கு உயிர் கொடுத்தார். லவெட் பெயரில் ஊரில் ஒரு ஹாலே கட்டினார். காரியம் நல்லது, காரணம்தான் இடிக்கிறது. ஜாஸ் ஊரைக் கெடுக்கிறது, அதற்கு யூதர்கள்தான் காரணம் என்று அவருடைய பத்திரிகை விஷம் கக்கிக்கொண்டிருந்தது. அதற்கு மாற்று மருந்தாம் இது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் இதே ஆட்டங்களுக்கு ஃபிடில் வாசித்து, குரல் கொடுத்து நடத்தியவர்களில் கறுப்பினத்தவர் ஏராளம்!

சர்ச் ஹாலுக்கு வருவோம். நாலு ஜோடி, சதுரத்தின் நாலு பக்கமும் நிற்கிறார்கள். மைக்கில் ஒருத்தர் உத்தரவு போடுகிறார். அவருக்குப் பெயர் 'காலர்'. அடுத்து என்ன சொல்வார் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. 'டோ-சி-டோ' என்றால் எதிராளியை முதுகோடு முதுகாகச் சுற்றி வரணும். 'அலமாண்ட் லெஃப்ட்' என்றால் பக்கத்து ஜோடியின் ஆளோடு இடது கை கோத்துத் திரும்பணும். இப்படி ஏறக்குறைய 70 உத்தரவுகள் கற்றால்தான் 'மெயின்ஸ்ட்ரீம்' என்ற படியைத் தாண்ட முடியும். ஜப்பானானாலும் ஜெர்மனியானாலும் உத்தரவு மட்டும் இங்கிலீஷில்தான்.

தாத்தாக்களுக்கு முழுக்கைச் சட்டை, கழுத்தில் கயிற்று டை. பாட்டிகளுக்கு விரித்த குடை மாதிரி பாவாடை. ஒரு பாட்டி கொஞ்சம் பூசினாற்போல இருந்தார். விடுவேனா? அவர் பாவாடைக்கடியில் மழைக்கு ஒதுங்கி இரண்டு பேர் நிற்கிற மாதிரி ஒரு படம் போட்டேன். நானே சிரித்துக்கொண்டேன்.

இடைவேளையில் ஒரு தாத்தா பேரனைக் கூப்பிடப் போய்விட்டார். மிச்சம் ஏழு பேர். காலர் மைக்கை அணைத்தார். ஏழு பேரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஒரு ஆள்தானே குறையுது?" என்றேன் நண்பனிடம்.

"ஒரு ஆள் இல்லேன்னா ஆட்டமே இல்லடா. முன்னெல்லாம் இந்த ஹால்ல நிக்க இடம் இருக்காதாம். இப்ப எட்டு பேர் தேத்தறதே பெரும்பாடு."

பதினாலு கண்கள் என்னைப் பார்த்தன. ஜோடி யார் என்கிறீர்கள்? குடைப் பாட்டியேதான்!

டெபிட் இடது, கிரெடிட் வலது. மூணு வருஷம் படித்தது இதுதான். 'லெஃப்ட்' என்றதும் கம்பீரமாக வலது கையை நீட்டினேன். ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதி, சதுரம் சாய்ந்த டிரையல் பாலன்ஸ் மாதிரி ஆனது. யாரும் முறைக்கவில்லை. பாட்டி என் தோளைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பி, "இப்ப இடது கை கொடு, தம்பி" என்கிற பாவனையில் ஏதோ சொன்னார். நாலாவது தடவை சுற்று முடிந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றேன். டேலி! எட்டு பேரும் கை தட்டினோம்.

அப்புறம்தான் வினை. "உன் நோட்டைக் காட்டு" என்றார் பாட்டி. எனக்கு வியர்த்தது. மறைக்கவும் முடியவில்லை. காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். கோபிக்கவில்லை. "பாவாடை ஜோக்கெல்லாம் கதவுக்கு வெளியே நின்று பார்க்கிறவர்கள் போடுவது. காலை வரையவே இல்லையே நீ? எங்களுக்குச் சிரிப்பு வருவது தப்பான பக்கம் திரும்பிய காலைப் பார்த்துத்தான்!" என்றார்.

சுருக்கென்றது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து இன்னொன்று போட்டேன். ஏழு பேர் உள்பக்கம் பார்த்துக் கை நீட்ட, எட்டாவதாக ஒரு மீசைக்காரன் மட்டும் சுவரைப் பார்த்துக் கும்பிடு போடுகிறான். முகம் என்னுடையது. பாட்டி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அறிவிப்புப் பலகையில் ஊசி குத்தி மாட்டினார். கீழே அவரே எழுதினார்: 'எட்டாவது ஆள் தேவை.'

ஊர் திரும்பி மூணு வாரம் கழித்து நண்பன் போன் பண்ணினான்.

"புதுசா ரெண்டு பேர் சேர்ந்திருக்காங்கடா. உன் படம்தான் காரணம்."

"அப்படியா! அவ்வளவு நல்லா இருந்ததா?"

"அது தெரியாது. 'இவனே ஆடியிருக்கான்னா நாங்களும் ஆடலாம்'னு சொன்னாங்க!"