நாள்காட்டித் தாளில் எழுதிய சட்டம்

சங்கத்தின் சென்ற கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அன்பர் சிலர் நம்மை நிறுத்தி, "உங்கள் மகள் பள்ளியிலேயே சட்டம் படிக்கிறாளாமே, அதற்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுத்தீர்கள்?" என்று வினவினார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய விடையாக அது இல்லை. வாங்கிய புத்தகத்தால் நேர்ந்த அவமானத்தையும், வாங்காமலே வீட்டில் கிடைத்த துணைகளையும் சேர்த்துச் சொன்னாலன்றி விளங்காது. ஆகையால் ஆசிரியரிடம் இவ்விதழில் சிறிது இடம் கேட்டுப் பெற்றோம்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தைச் சார்ந்த பள்ளிகள் சிலவற்றில், பதினொன்றாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் சட்டவியல் ஒரு விருப்பப் பாடமாக இருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண்; செயல்திட்டத்துக்கு 20. தஞ்சைப் பக்கத்து உறவினரிடம் தொலைபேசியில் இச்செய்தியைச் சொன்னால், "பிள்ளை அதற்குள் வக்கீலாகிவிட்டதா?" என்று மகிழ்ந்து போகிறார்கள். வக்கீலாவதற்கு இன்னும் நெடுந்தொலைவு உண்டு. அரசியலமைப்பு, நீதிமன்றங்களின் அமைப்பு, ஒப்பந்தம், தீங்கியல், குற்றவியல் முதலியவற்றை இளம் வயதினர்க்கு அறிமுகம் செய்துவைக்கும் பாடம் இது, அவ்வளவே. எனினும் அறிமுகமே கனமாகத்தான் இருக்கிறது.

பாடநூல் கையில் இருந்தும் நமக்கு மனம் நிறையவில்லை. பிள்ளைக்கு நன்மை செய்ய வேண்டும் என்ற ஆர்வமும், செலவைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணமும் ஒருங்கே சேர்ந்தால் மனிதன் எங்கே போவான்? பழைய புத்தகச் சந்தைக்குத்தான் போவான். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, தடித்த வழிகாட்டி நூல் ஒன்றைப் பாதி விலைக்கும் குறைவாகப் பேசி வாங்கி வந்தோம். வினாவும் விடையும், அட்டவணையும் சுருக்கமுமாக ஆயிரம் வரிகளில் அடிக்கோடிட்டிருந்தது. முன்பு வைத்திருந்த மாணவர் எவரோ நன்றாகப் படித்திருக்கிறார் என்று அதையும் ஒரு சிறப்பாகவே கொண்டோம். அச்சிட்ட ஆண்டை மட்டும் பார்க்கவில்லை.

ஐப்பசியில் மகளுக்குக் காய்ச்சல் கண்டு பத்து நாள் பள்ளிக்குச் செல்லவில்லை. வகுப்பில் குற்றவியல் நடந்தது அந்தப் பத்து நாளில்தான். அவள் படுக்கையில் இருந்தபடியே நாம் வாங்கி வந்த நூலைப் படித்தாள், மனப்பாடமும் செய்தாள். பள்ளித் தேர்வில் கொலைக்கு 302 என்றும், திருட்டுக்கு 379 என்றும், மோசடிக்கு 420 என்றும் ஒரு பிழையுமின்றி எழுதினாள். ஒவ்வொன்றும் பிழை. விடைத்தாளெங்கும் சிவப்பு மை. 80-க்கு 37. அதை நம் கையில் கொடுத்து, "புத்தகத்தில் இருந்ததைத்தான் எழுதினேன், அப்பா" என்றாள். குறை கூறும் தொனி அதில் சிறிதும் இல்லை. இருந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நிகழ்ந்தது யாதெனில், 1860-இல் இயற்றப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா நடப்புக்கு வந்துவிட்டது. 511 பிரிவுகள் இருந்த இடத்தில் இப்போது 358. அதே நாளில் 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும், 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்கும் மாற்றாக வேறு இரண்டு சட்டங்கள் வந்தன. செய்தித்தாளில் நாமும் இதைப் படித்தவர்தாம். படித்த செய்தி நம் வீட்டுப் புத்தக அலமாரி வரை வரும் என்று தோன்றவில்லை.

அன்றிரவே மகள் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எதிரெதிரே எழுதத் தொடங்கினாள். கொலை 302-லிருந்து 103-க்கும், கொலை முயற்சி 307-லிருந்து 109-க்கும், திருட்டு 379-லிருந்து 303-க்கும், வரதட்சணைச் சாவு 304ஆ-விலிருந்து 80-க்கும் இடம் பெயர்ந்திருந்தன. மோசடி 420-லிருந்து 318-க்குப் போயிற்று என்று அவள் உரக்கப் படித்தபோது, அருகில் அமர்ந்திருந்த நம் அன்னையார், "அப்படியானால் இனி ஏமாற்றுக்காரனை என்னவென்று ஏசுவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாடு முழுவதும் நாவில் பழகிப்போன ஒரு வசவு ஒரே நாளில் ஆதாரம் இழந்தது.

பழைய நூலைக் குப்பையில் எறியலாம் என்று நாம் எழுந்தோம். மகள் தடுத்தாள். குற்றம் நிகழ்ந்த நாளில் எந்தச் சட்டம் நடப்பில் இருந்ததோ அதன்படிதான் ஒருவரைக் குற்றவாளியாக்கலாம் என்பது அரசியலமைப்பின் 20-ஆம் உறுப்பு தரும் பாதுகாப்பு. ஆகையால் 2023-இல் நிகழ்ந்த கொலைக்கு இன்றும் 302-தான். நீதிமன்றங்களில் இரண்டு எண்களும் இன்னும் பல ஆண்டுகள் அருகருகே நடமாடும். இதை அவளே நமக்கு விளக்கியபோது, 37 மதிப்பெண் வாங்கிய பிள்ளைதானா இவள் என்று வியந்தோம். பழைய நூல் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று.

இனித் துணைகளைப் பற்றி. அவள் குறிப்பு எழுதியது கடையில் விற்கும் அட்டைகளில் அன்று. ஊரிலிருந்து ஆண்டுதோறும் வரும் தினசரி நாள்காட்டியின் தாள்களில். அன்னையார் காலையில் நல்ல நேரம், இராகு காலம் பார்த்துவிட்டுத் தாளைக் கிழிப்பார்; பின்புறம் வெறுமையாக இருக்கும். கை நடுங்குவதால் சில தாள்கள் கோணலாகக் கிழியும், அதனால் என்ன? பின்புறத்தின் மேலே வழக்கின் பெயரும் ஆண்டும். கீழே யார், என்ன நேர்ந்தது, நீதிமன்றம் என்ன சொன்னது என்று மூன்றே வரி. மூன்று வரிக்கு மேல் போனால் தனக்கு விளங்கவில்லை என்று பொருள் என்பாள். இதில் எதிர்பாராத ஒரு நன்மை: ஒவ்வொரு குறிப்பின் முன்புறமும் நாள் அச்சாகியே இருக்கிறது. எந்தக் குறிப்பு எப்போது எழுதப்பட்டது என்பதில் ஐயமே இல்லை. ஆண்டு பாராமல் புத்தகம் வாங்கிய நமக்கு அது சுருக்கென்று தைத்தது.

வழக்குகளைத் தனித்தனியே உருப்போடுவதைக் காட்டிலும் சங்கிலியாகக் கோப்பது நல்லது என்று அவள் கண்டுகொண்டாள். பொத்தானைத் தைக்கும் நூலில் தாள்களைக் கோத்தே விட்டாள். 1951-இல் சங்கரி பிரசாத் வழக்கில், அடிப்படை உரிமைகளையும் நாடாளுமன்றம் திருத்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். 1967-இல் கோலக்நாத் வழக்கில் கூடாது என்றது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 68 நாள் கேட்டு, எழுவர் அறுவராகப் பிரிந்து, திருத்தலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்று தீர்த்தனர். ஒரு தாளை மட்டும் படித்தவன் வழி தவறுவான். மூன்றையும் வரிசையாய்ப் பார்த்தவனுக்கு ஒரு நீண்ட வாதம் கேட்கும். அதுபோலவே 1950-இல் ஏ. கே. கோபாலன் வழக்கு சொன்னதை 1978-இல் மேனகா காந்தி வழக்கு கடந்து சென்றதும் ஒரே நூலில் தொங்குகிறது.

கோபாலன் வழக்கில் எதிர்த்தரப்பு சென்னை அரசு. அதே ஆண்டின் ரொமேஷ் தாப்பர் வழக்கிலும் சென்னை அரசே. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் மீண்டும் சென்னை அரசு. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட அரசாணை அதில் செல்லாமற்போக, அவ்வாண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. தில்லியில் பிறந்து வளர்ந்த பெண், "நம் ஊர் ஏனப்பா இத்தனை வழக்கில் வருகிறது?" என்று கேட்டாள். பெருமைப்படுவதா, கூச்சப்படுவதா என்று தெரியாமல் செய்தித்தாளை விரித்துக்கொண்டோம்.

இலத்தீன் சொற்கள் அவளுக்குச் சுவராக நின்றன. ஐந்து நீதிப்பேராணைகளின் பெயர்களை எத்தனை முறை சொன்னாலும் ஒன்றுக்கொன்று மாறிப்போயின. ஊரில் ஆசிரியையாக இருக்கும் நம் தங்கை, தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலை அனுப்பி வைத்தாள். அதில் ஹேபியஸ் கார்ப்பஸ் ஆட்கொணர்வு ஆணையாக இருந்தது, மாண்டமஸ் கட்டளையுறுத்துவது, புரொகிபிஷன் தடையுறுத்துவது, செர்ஷியோராரி ஆவணத்தைக் கேட்பது, கோ வாரண்டோ தகுதியை வினவுவது. பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. "ஆளைக் கொண்டுவா, வேலையைச் செய், நிறுத்து, ஏட்டைக் கொடு, நீ யார்?" என்று அவள் விரல்விட்டு எண்ணி மனத்தில் இருத்திக்கொண்டாள். தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறாள். நினைவுக்கு மட்டும் தமிழில் போய் வருகிறாள். வீட்டில் தமிழ் எதற்கு என்று கேட்கும் இளம் பெற்றோர் இருந்தால் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய துணை அன்னையார்தாம். எண்பதைக் கடந்தவர், நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மாலையில் அவர் பூத்தொடுக்கும்போது, மகள் ஒரு தாளை எடுத்து, வழக்கைக் கதையாகச் சொல்ல வேண்டும். அவர் இடையில் கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல முடியாவிட்டால் அந்தத் தாள் மறுநாளும் வரும். ஸ்காட்லாந்தில் ஓர் அம்மாள் குடித்த இஞ்சிப் பானத்தின் புட்டியில் நத்தை கிடந்ததென்று தொடுத்த வழக்கில், 1932-இல் அட்கின் பிரபு, பொருளைச் செய்தவன் அதைப் பயன்படுத்துவோர்பால் கவனமாயிருக்கக் கடமைப்பட்டவன் என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, "நத்தை மெய்யாகவே இருந்ததா?" என்றார். அது இறுதிவரை மெய்ப்பிக்கப்படவேயில்லை என்பதை மகள் அந்தக் கேள்விக்காகத்தான் தேடிப் படித்தாள்.

பால்ஃபர் வழக்கு வந்த மாலை நமக்கு மறக்காது. கணவர் இலங்கையில் அரசுப் பணியில் இருந்தவர். விடுமுறையில் இங்கிலாந்து வந்தபோது மனைவி உடல்நலம் குன்றி அங்கேயே தங்க நேர்ந்தது. மாதம் 30 பவுன் அனுப்புகிறேன் என்று சொல்லிக் கணவர் கப்பலேறினார். பிறகு மனம் வேறுபட்டது. மனைவி வழக்குத் தொடுத்தார். 1919-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கணவன் மனைவிக்குள் இல்லறத்தில் பேசிக்கொண்ட சொல் வழக்காடத்தக்க ஒப்பந்தம் ஆகாது என்றது. தீர்ப்பளித்தவர்களில் அதே அட்கினும் ஒருவர்.

"அந்த அம்மாளுக்குப் பணம் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார் அன்னையார்.

"இல்லை, அப்பாயி. சட்டப்படி கட்டுப்பட வேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் இருந்திருக்க வேண்டும். அது இல்லை."

அன்னையார் நெடுநேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "உன் தாத்தா தில்லிக்கு வண்டியேறும்போது மாதம் நாற்பது ரூபாய் அனுப்புகிறேன் என்றுதான் சொன்னார். மூன்று மாதம் வரவில்லை. தபால்காரர் தெருவில் வருவார், நான் திண்ணையை விட்டு உள்ளே போய்விடுவேன், அவர் இல்லையென்று தலையாட்டுவதைப் பார்க்க வேண்டாமென்று" என்றார். 1962-இல் நடந்ததாம். தந்தையாருக்கு அப்போது வேலை நிலைக்கவில்லை என்பதையும், அதை அவர் ஒருநாளும் ஊருக்கு எழுதவில்லை என்பதையும் நாம் பிறரிடமிருந்து அறிந்திருந்தோம். அன்னையார் பக்கத்துக் கதையை அன்றுதான் கேட்டோம். மகள் கையிலிருந்த தாளைத் திருப்பி எதையோ எழுதினாள். மறு தேர்வில் ஒப்பந்தப் பகுதியில் அவளுக்கு ஒரு மதிப்பெண்ணும் குறையவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாரியமே மாதிரி வினாத்தாளையும் மதிப்பெண் வழங்கும் முறையையும் இலவசமாக வெளியிடுகிறது. அதை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போன நம்மைப் போன்றவர் வேறு எவரும் இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம். மூன்று மணியில் 80 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டே கால் நிமிடம். அடுக்களைக் கடிகாரத்தை முன்வைத்து எழுதிப் பழகினால்தான் அந்த நெருக்கடி தெரியும். நிகழ்ச்சியொன்றைக் கொடுத்துத் தீர்வு கேட்கும் வினாக்களில், முதலில் நடந்தது, அடுத்துச் சட்டம், பின்பு சட்டம் நடந்ததற்கு எவ்வாறு பொருந்துகிறது என்ற வரிசை மாறலாகாது. மனப்பாடம் செய்த பிள்ளை சட்டத்தை மட்டும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, பொருத்துவதற்கு நேரமின்றி மணியோசை கேட்டு எழுந்திருக்கும்.

மாசியில் வாரியத் தேர்வு தொடங்குகிறது. அது முடிந்ததும் தாள்கள் அனைத்தையும் ஒரு பெட்டியிலிட்டுச் சங்க நூலகத்தில் வைக்க மகள் இசைந்திருக்கிறாள். பால்ஃபர் வழக்கின் தாள் அதில் இராது. அன்னையார் அதைக் கேட்டு வாங்கித் தம் பெட்டியில் வைத்துக்கொண்டுவிட்டார். வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். எடுக்கும்போது தாளின் முன்புறத்தில் உள்ள நாளையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.