கழன்றதா, கழற்றினார்களா?

பொறியியல் கல்லூரிகளில் மாணவர்கள் தூங்குவதற்கென்றே ஒரு பாடம் உண்டு. ஊருக்கு ஊர் பெயர் மாறும்: தொழில்நுட்ப எழுத்து, தொழில்முறை ஆங்கிலம், தகவல் தொடர்புத் திறன். மதிப்பெண் குறைவு, வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் அதைக் கண்டுகொள்வதுமில்லை. பெங்களூரில் நான் மெக்கானிக்கல் படித்த கல்லூரியில், 2005இல், அது சனிக்கிழமையின் கடைசி வகுப்பு. நான்கு வருடம் உருப்போட்ட தெர்மோடைனமிக்ஸில் பாதி மறந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமைகள் மறக்கவில்லை.

இதே ஊரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்துகொண்டு மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய ரங்கராஜன்தான் சுஜாதா என்பது தமிழ் மாணவர்களான எங்களுக்குத் தெரியும். ஆனால் எழுத்து என்றால் கதை என்றே நினைத்திருந்தோம். பொறியாளன் தன் வேலைக்காகவே எழுத வேண்டியிருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வகுப்பெடுத்தவர் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கன்னடக்காரர். இலக்கணம் நடத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ முதல் வாரம் ஒரு பித்தளை காபி ஃபில்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சிக்மகளூர் மாணவி ஒருத்தியிடம், இதில் டிகாக்‌ஷன் போடுவது எப்படி என்று எழுதச் சொன்னார். அதை ஃபில்டரையே பார்த்திராத பாட்னா மாணவனிடம் கொடுத்து, எழுதியிருப்பதை மட்டும் செய் என்றார். 'பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றவும்' என்றிருந்தது. அவன் பொடியைக் கீழ்ப் பாத்திரத்தில் கொட்டி, அதன் மேலேயே வெந்நீரையும் ஊற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அவன் எதைச் செய்யாமல் விட்டான், சொல்லுங்கள்" என்றார். பிறந்ததிலிருந்து காபி மணத்தில் வளர்ந்த பெண்ணுக்கு, எந்தப் பாத்திரத்தில் என்று சொல்லத் தோன்றவில்லை. தெரிந்தவர் எழுதும்போது விழுகிற ஓட்டை அது.

அடுத்த சில வாரங்கள் ஒரே ஒரு காகிதத்தில் கழிந்தன. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பிய சுமார் 82ஆவது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், சேதம் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்ட போயிங் பொறியாளர்கள் அதை ஸ்லைடுகளாக நாசாவுக்கு விளக்கினார்கள். அவற்றில் ஒன்றின் பிரதியைத்தான் எங்களுக்குக் கொடுத்தார். தலைப்பு நிம்மதி தரும்படி இருந்தது. விஷயமோ கடைசி வரிகளில், சின்ன எழுத்தில் கிடந்தது: சோதனைகளில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதிய துண்டு 1,920 கன அங்குலம் என்பது மதிப்பீடு. 640 மடங்கு! பழைய சோதனைகளை வைத்து இதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதே தலைப்பாக இருந்திருக்க வேண்டும். 'குறிப்பிடத்தக்க' என்று பொருள்படும் சொல் அந்த ஒரு பக்கத்தில் ஐந்து இடங்களில் வருகிறது. எவ்வளவு என்று எங்குமே இல்லை.

பிப்ரவரி 1 அன்று கலம் திரும்பும் வழியில் சிதறியது. கர்னாலில் பிறந்து சண்டிகரில் பொறியியல் படித்த கல்பனா சாவ்லா உள்பட 7 பேர் இறந்தார்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தியின் நோட்டு அட்டையில் கல்பனாவின் படம் ஒட்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான விசாரணைக் குழு அறிக்கை அந்த ஸ்லைடை எடுத்துப்போட்டு அது எழுதப்பட்டிருந்த விதத்தை விமர்சித்தது. ஒழுங்காக எழுதியிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று அவள்தான் கேட்டாள். "சொல்ல முடியாது. முடிவெடுக்க வேண்டியவர்கள் காதில் விஷயமாவது விழுந்திருக்கும்" என்றார் ஆசிரியர்.

அவர் எங்களிடமிருந்து பிடுங்கி எறிய முயன்ற இன்னொரு பழக்கம் செயப்பாட்டு வினை. கவனிக்கப்பட்டது, முடிவு செய்யப்பட்டது, தவறு நிகழ்ந்துவிட்டது என்று நாங்கள் எழுதிய ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்பு மையில் ஒரே கேள்வி: "யார்?" ஆய்வுக்கூடக் குறிப்பில் அதை விட்டுவிடுவார். வெப்பநிலையை யார் அளந்தால் என்ன? ஆள் தெரிந்தால்தான் பொறுப்பு தெரியும் என்கிற இடங்களில் விடமாட்டார்.

தமிழில் யோசித்தபோது எனக்கு இது வேறு மாதிரி பிடிபட்டது. நம் வீடுகளில் யாரும் 'சோறு சமைக்கப்பட்டது' என்பதில்லை. அது அரசாணைகளும் பத்திரிகைகளும் பழக்கிவிட்ட நடை. ஆனால் ஆளை மறைக்க நமக்கு அந்தப் 'பட்டது' தேவையே இல்லை. உடைந்தது, உடைத்தது: ஓர் எழுத்துதான் வித்தியாசம். டம்ளரைக் கீழே போட்ட குழந்தை "உடைஞ்சு போச்சு" என்கிறது. "உடைச்சிட்டேன்" என்று சொல்வது அபூர்வம். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தோமே, அதுதான். அதற்கு ரூபாயில் ஒரு விலை உண்டு என்பதைப் பீண்யாவில் பார்த்தேன்.

2011இல் பீண்யா தொழிற்பேட்டையில், பவர் பிரஸ்கள் ஓடும் தொழிற்சாலை ஒன்றில் வேலையில் இருந்தேன். ஒரு நள்ளிரவில் திருப்பத்தூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவரின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஒப்பந்தக்காரர் அழைத்துவந்தவர். அவர் பெயரை ஒப்பந்தக்காரர் இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்திருக்கவில்லை. ஆக, இழப்பீட்டுக்கு அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டுச் சட்டம்தான் கதி. அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பாதுகாப்புக்காக வைத்ததைத் தொழிலாளியே தெரிந்து வேண்டுமென்று அகற்றி அதனால் காயம்பட்டால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேராத வரை, முதலாளி பணம் தர வேண்டியதில்லை.

அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. காலையில் வந்து பார்த்த ஃபோர்மேன் கிருஷ்ணகிரிக்காரர், நல்ல மனிதர். "கவர் கழண்டிருந்துச்சு சார்" என்றார். அலுவலகத்தில் தயாராக இருந்த ஆங்கில வரைவு இன்னும் நயமாக இருந்தது: மூடி அகற்றப்பட்ட நிலையில் காணப்பட்டது. இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் படிக்கிற எவருக்கும், கழற்றியது அந்தப் பையன்தான் என்றே படும்.

பதிவேட்டைப் புரட்டினால் விடை கிடைத்தது. மூடியோடு இணைந்த சுவிட்ச் ஒன்பது நாளாகப் பழுது; மூடி சரியாக இருக்கும்போதே இயந்திரம் நின்று நின்று போனது. புதிய சுவிட்ச் கேட்டுப் பராமரிப்புப் பிரிவு இரண்டு முறை எழுதியும் கொள்முதல் பிரிவு வாங்கவில்லை. பகல் ஷிப்ட் மேற்பார்வையாளர் சொல்லி, ஃபிட்டர் சுவிட்சுக்கு நேரடி இணைப்புக் கொடுத்துவிட்டு மூடியையும் கழற்றி ஓரமாக வைத்தார். இரவு வந்த பையன் அந்த மூடியைப் பார்த்ததே இல்லை. இதை நான்கு வாக்கியங்களில், ஒவ்வொன்றிலும் எழுவாயும் தேதியும் வைத்து எழுதினேன்.

மேலாளர் கோபப்படவில்லை. "இத்தனை பெயர் எதற்கு? அறிக்கை என்ன ஆளைக் காட்டிக்கொடுக்கவா?" என்று கேட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த மேற்பார்வையாளரிடம் மேலே இருந்தவர்கள் தினமும் உற்பத்திக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர்களை எடுத்தேன், பதவிகளை எடுக்கவில்லை. உற்பத்திக் கணக்கு பற்றி ஐந்தாவது வாக்கியம் ஒன்று சேர்த்தேன். மேற்பார்வையாளர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். பணம் வர பதினான்கு மாதம் ஆனது. அதற்கு என் அறிக்கையைவிட, அந்தப் பையனுக்காகச் சலிக்காமல் அலைந்த வழக்கறிஞர்தான் காரணம்.

பிறகு இயந்திரங்களில் ஒட்டியிருந்த அறிவிப்பையும் மாற்றினோம். 'இயந்திரம் இயங்கும்போது மூடி அகற்றப்படக் கூடாது' என்றிருந்ததை எடுத்துவிட்டு, கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும் இப்படி: 'மூடி இல்லையா? ஓட்டாதே. சிவப்புப் பொத்தானை அழுத்து. ஃபோர்மேனைக் கூப்பிடு.' ஓட்டாதே என்பது மரியாதைக் குறைவு, 'இயக்க வேண்டாம்' என்று போடலாம் என்றார் மனிதவளப் பிரிவுக்காரர். பிரஸ் ஓட்டுகிறவர்களிடமே இரண்டையும் காட்டினோம். ஓட்டாதே இருக்கட்டும் என்றார்கள். கடைசி வரியைத்தான் மாற்றச் சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் ஃபோர்மேன் இருப்பதில்லை. யாரை, எந்த நம்பரில் கூப்பிட வேண்டும் என்று போடுங்கள் என்றார்கள். போட்டோம்.