பெட்டியைப் பிரித்த பிறகு

போலி பிரேக் ஷூவைப் பெட்டியை வைத்தே கண்டுபிடித்த காலம் ஒன்று இருந்தது. கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கும், சாயம் வெளிறியிருக்கும், அட்டை கையில் எடுத்ததுமே நசுங்கும். இப்போது போலிச் சரக்கில் ஒழுங்காகச் செய்யப்பட்டிருப்பதே பெட்டிதான். ஹாலோகிராம்கூட மின்னுகிறது. சில சமயம் பெட்டி அசலாகவே இருக்கும். பட்டறைகளில் வீசியெறிந்த காலிப் பெட்டிகள் காயலான் கடை வழியாகப் போலிக்காரர் கைக்குப் போய், வேறு சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்பி வருகின்றன. அதனால் இரு சக்கர வண்டி மெக்கானிக்கான நான் பெட்டியோடு திருப்தி அடைவதில்லை. பிரித்து, பாகத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பேன்.

பிரேக் ஷூவில்தான் என் கவனம் அதிகம். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் 130 மில்லிமீட்டர் டிரம். அதற்குள் விரியும் இரண்டு அலுமினிய ஷூக்களின் மேல் லைனிங்கைப் பசை போட்டு, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டை ஓரமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். லைனிங்குக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நகம் நுழைந்தால் அந்த ஜோடி கடைக்கே திரும்பிவிடும். பசை பிதுங்கி வழிந்திருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லைனிங்கின் கனம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷூவின் முனையில் பின் (pin) உட்காரும் அரைவட்டப் பள்ளத்தை விரலால் தடவினால் வார்ப்புப் பிசிறு தட்டுப்படக் கூடாது. போலி ஷூ பூட்டியதும் நன்றாகவே பிடிக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கடைத்தெருவுக்குப் போய்வரும் வரை எந்தக் குறையும் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பேரோடு இறங்கும்போது டிரம் சூடேறும், பசை இளகும். லைனிங் பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கிக்கொண்டால் சக்கரம் ஓட்டத்திலேயே இறுகி நின்றுவிடும்.

செயின் செட்டுக்கு ஓர் அரம் போதும். ஸ்ப்ராக்கெட் பல்லின் ஓரத்தில் லேசாக இழுத்தால், முறையாகப் பதம் ஏற்றிய பல்லில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். போலியில் கடித்துப் பொடி உதிர்க்கும். அந்தப் பல் சீக்கிரமே கொக்கி போல வளைந்து, புதுச் செயினையும் சேர்த்துக் கெடுத்துவிடும். ஸ்பார்க் பிளக்கில் மரையும் வாஷரும் பேசும்: அசலில் வாஷர் இலேசில் கழன்று வராது, போலியில் பல நேரம் விரலால் திருகினாலே கையோடு வந்துவிடும். பேரிங்தான் கஷ்டம். 6301 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மில்லிமீட்டர். இந்த அளவைப் போலிக்காரரும் சரியாகவே கொடுத்துவிடுகிறார். பழைய பேரிங்கைக் கழுவி, பாலிஷ் போட்டு, பெயர் பொறித்து விற்பவர்களும் உண்டு. இங்கே கைப்பழக்கம் மட்டும் போதாது. எஸ்.கே.எஃப்., ஷெஃப்ளர் போன்ற கம்பெனிகள் சரக்கு தங்களுடையதுதானா என்று சரிபார்க்கக் கைபேசிச் செயலிகளே கொடுத்திருக்கின்றன. படம் எடுத்து அனுப்ப, குறியீட்டை ஸ்கேன் செய்யச் சோம்பல் படக் கூடாது.

லோக்கல் சரக்கையும் போலியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் நல்ல கடைக்காரர், "ஒரிஜினல் வேணுமா, லோக்கல் போதுமா?" என்று கேட்டுத்தான் எடுத்து வைப்பார். சொந்தப் பெயரில், குறைந்த விலையில் வரும் லோக்கல் நேர்மையான வியாபாரம். கண்ணாடிக்கும் சீட் கவருக்கும் தாராளமாகப் போடலாம். வண்டிக் கம்பெனிக்கே பாகம் செய்து கொடுப்பவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கிறார்கள். விலை குறைவு, தரம் உறுதி, நான் அதிகம் பூட்டுவது அதைத்தான். அடுத்தவர் பெயரைப் போர்த்திக்கொண்டு வருவதுதான் போலி. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி அதைச் செய்பவருக்கும் விற்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

போலி வண்டிக்குள் நுழைவது பெரும்பாலும் எங்கள் கை வழியாகத்தான், இதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. "அண்ணே, இதுல உங்களுக்கு நல்லா நிக்கும்" என்று சொல்லித்தான் அதை மெக்கானிக்கிடம் தள்ளுகிறார்கள். பெட்டியில் அசல் விலை அச்சாகியிருக்கும். வண்டிக்காரர் முழு விலையும் கொடுப்பார். நடுவில் நிற்கும் பணம் கடைக்கும் பட்டறைக்கும். மலிவு என்ற ஆறுதல்கூட அவருக்குக் கிடையாது. ஆகவே வண்டி விடும்போதே கேளுங்கள்: பெட்டியை என் முன்னால் பிரியுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கொடுங்கள், ஜி.எஸ்.டி. பில் வேண்டும். பில்லில் பாக எண் இருக்கட்டும். தயாரிப்பாளரின் பெயர், முகவரி, விலை, மாதம், ஆண்டு, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பாகத்தைத் தூக்கிப் போடாமல் பில்லோடு பத்திரப்படுத்தி, அந்த எண்ணில் சொல்லுங்கள்.

பட்டறை வைத்திருப்பவர்களும் ஒன்று செய்யலாம். காலிப் பெட்டியைப் பாக எண்ணும் ஹாலோகிராமும் இரண்டாகும்படி குறுக்கே கிழித்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். தேய்ந்த பேரிங்கைச் சுத்தியலால் உடைக்க வேண்டும். ஆயில் கேனைக் காயலான் கடைக்குப் போடுமுன் அடியில் திருப்புளியால் ஓட்டை போட்டுவிட வேண்டும், மூடியைத் தனியாக நறுக்கிவிட வேண்டும்.